‘நிறை 50 நியூட்டன்’: அச்சுப்பிழையா?

செல்வி_அப்பா
வணக்கம் நண்பர்களே. மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது என்று இணையத்தில் கிடைக்கும் தமிழ் வினாத்தாள்களை எடுத்து வைத்துப் பயிற்சி செய்கிறாள். நேற்று ஒரு தாளில் இப்படி ஒரு கேள்வி: “ஒரு பொருளின் நிறை 50 நியூட்டன். அதன் திணிவு யாது?”

அவள் புத்தகத்தில் நிறைக்கு அலகு கிலோகிராம், எடைக்குத்தான் நியூட்டன். ‘திணிவு’ என்ற சொல்லே அதில் இல்லை. அடர்த்தியைத்தான் அப்படிச் சொல்கிறார்களோ என்று யோசித்துவிட்டு என்னிடம் வந்தாள். நான் வணிகவியல் படித்தவன். அச்சுப்பிழையாக இருக்கும், விட்டுவிடு என்றேன். ஆனால் அதே தாளில் இன்னும் மூன்று இடத்தில் நிறைக்கு நியூட்டன் போட்டிருக்கிறது. நான்கு இடத்திலுமா பிழை வரும்?

அப்புறம் அவள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. “கடையில் எடை 5 கிலோ என்கிறார்கள். புத்தகம் எடைக்கு நியூட்டன் போடச் சொல்கிறது. கடைக்காரர் சொல்வது தப்பு என்றால், இத்தனை வருடமாக ஏன் யாரும் திருத்தவில்லை?”

மூன்றாம்_ஆண்டு
அச்சுப்பிழைதான் சார். நிறையையும் எடையையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். நான் இளங்கலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு. நிறைக்கு நியூட்டன் எந்தக் காலத்திலும் வராது. அந்தத் தாளை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள், தேர்வு நேரத்தில் இருப்பதும் குழம்பிவிடும்.

வடமராட்சி_ரீச்சர்
தம்பி, அது பிழையில்லை. அது எங்கள் நாட்டுத் தாள்.

நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்றால் நீங்கள் நிறை என்று சொல்வது, அலகு கிலோகிராம். நிறை என்றால் நீங்கள் எடை என்று சொல்வது, அலகு நியூட்டன். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை 5 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கச் சொல்லி மேலேயோ கீழேயோ போட்டிருப்பார்கள், பாருங்கள்.

இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். வேகம் குறைந்துகொண்டு வந்தால் அமர்முடுகல். நிலைமம் என்று நீங்கள் சொல்வதைச் சடத்துவம் என்போம், அழுத்தத்தை அமுக்கம் என்போம். வெர்னியர் அளவி இங்கே வேணியர் இடுக்கிமானி. மீச்சிற்றளவு இழிவெண்ணிக்கை. சுழிப்பிழை பூச்சிய வழு.

ஆனால் இவையெல்லாம் ஆபத்தில்லாத சொற்கள். தெரியாத சொல் வந்தால் பிள்ளை நின்று கேட்கும். தெரிந்த சொல் வேறு பொருளோடு வந்தால்தான் கேட்காமலே போய் விழும். அப்படி இரண்டு சொற்களில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். ஒன்று நிறை. மற்றது வேகம். உங்கள் வேகத்தை நாங்கள் கதி என்கிறோம். உங்கள் திசைவேகம்தான் எங்களுக்கு வேகம். எங்கள் தாளில் “வேகம் யாது?” என்று கேட்டால் திசையையும் சேர்த்து எழுத வேண்டும்.

மகளிடம் சொல்லுங்கள், நான்கு இடத்திலும் நியூட்டன் இருப்பதைக் கவனித்தாளே, அதுதான் சரியான பழக்கம். சொல்லில் சந்தேகம் வந்தால் அலகைப் பார்க்க வேண்டும். அலகு இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

மூன்றாம்_ஆண்டு
மன்னியுங்கள் ரீச்சர், இது எனக்கு உண்மையிலேயே தெரியாது. நானே சில இலங்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தவறு என்று மூடியிருக்கிறேன். இனி அலகைப் பார்த்துத்தான் படிப்பேன்.

தராசுத்தட்டு
கடைக்காரர் கேள்விக்கு நான் வருகிறேன். எனக்குத் தொழிலே தராசு பழுதுபார்ப்பதுதான், மதுரையில் 22 வருடம்.

எலக்ட்ரானிக் தராசைத் திறந்தால் உள்ளே ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், நடுவில் துளை போட்டு. அதுதான் லோடு செல். துளைக்கு மேலும் கீழும் பிளாஸ்டர் மாதிரி மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். தட்டில் சாமான் வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், தகடு இழுபடும், அதன் மின்தடை கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் தராசு எண்ணாக்கிக் காட்டுகிறது. ஆக அது உணர்வது விசையை. பூமி சாமானை எவ்வளவு இழுக்கிறது என்பதை. காட்டுவது மட்டும் கிலோ.

இதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஒரு கடைக்காரர் டெல்லியிலிருந்து 30 கிலோ தராசு ஒன்று வாங்கி வந்தார். அங்கே கல் வைத்துச் சரிபார்த்து அனுப்பிய புதுத் தராசு. இங்கே வந்து 30 கிலோ அசல் கல் வைத்தால் 29.970 காட்டுகிறது. நான் வயரைப் பார்த்தேன், கட்டையைப் பார்த்தேன், தரை மட்டம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் சொன்னார், தராசு சரியாகத்தான் இருக்கிறது, ஊர்தான் மாறியிருக்கிறது என்று. பூமத்திய ரேகைப் பக்கம் வர வர பூமியின் இழுப்பு கொஞ்சம் குறையும். டெல்லிக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 கிலோவுக்கு 30 கிராம். இங்கே கல் வைத்துத் திரும்பச் செட் செய்தேன், சரியாகிவிட்டது.

பழைய தட்டுத் தராசுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு தட்டில் கல், மறு தட்டில் சாமான். இழுப்பு குறைந்தால் இரண்டுக்கும் சேர்ந்துதான் குறையும். டெல்லியிலும் ஒரு கிலோ, மதுரையிலும் ஒரு கிலோ.

கரும்பலகை
தராசுத்தட்டு ஐயா எழுதியதை அப்படியே பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம். நான் அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு பத்தி அட்டவணையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஐந்து வரி எழுதி ஐந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அந்த 29.970-ஐக் காட்டி ஏன் என்று கேட்டால் கையைப் பிசைவார்கள். எனக்கு அந்த எண் முன்பே கிடைத்திருந்தால் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருப்பேன்.

செல்வியின் கேள்விக்கு வருகிறேன். கடைக்காரர் சொல்வது தப்பு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அரிசி வாங்கப் போகும் நமக்கு வேண்டியது எவ்வளவு அரிசி என்பது. பூமி அந்த அரிசியை எவ்வளவு இழுக்கிறது என்பது நமக்குத் தேவையில்லை. எவ்வளவு பொருள் என்பதுதான் நிறை. ஆகவே கிலோகிராம் மிகச் சரியான அலகு. பேச்சு வழக்கில் அதை எடை என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். ‘எடை’ என்ற சொல் நியூட்டன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் உண்டு.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. எடைகள் மற்றும் அளவுகளுக்கான பன்னாட்டு மாநாடு 1901-இல் இதற்கென்றே ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்தது. கிலோகிராம் என்பது நிறையின் அலகு, எடை என்பது விசை வகையைச் சேர்ந்தது என்று அறிவித்து, புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.80665 மீ/வி² என்ற பொது மதிப்பையும் அதே கூட்டத்தில் வைத்தார்கள். அன்றைக்கு நியூட்டன் என்ற அலகுப் பெயரே ஏற்கப்படவில்லை. அது 1948-இல் வந்தது. ஆங்கில அளவுமுறையில் பவுண்டு என்ற ஒரே பெயர் நிறைக்கும் ஓடுகிறது, விசைக்கும் ஓடுகிறது. 1999-இல் செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலம் தொலைந்ததற்கும் ஒரு அலகுக் குழப்பம்தான் வேர். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு-விசை அலகில் கணக்குக் கொடுக்க, மறு குழு அதை நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட நாலரை மடங்கு வித்தியாசம்.

லேத்பட்டறை
பெயர்ப் பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். கோவை, சின்ன லேத் பட்டறை. ஐடிஐ முடித்து வரும் பையன்களிடம் மைக்ரோமீட்டர் எடு என்றால், தடிமனைத் துல்லியமாக அளக்கும் அந்தக் கருவியை எடுத்து வருவார்கள். பள்ளி முடித்து நேரே வருகிறவனுக்கு அது திருகு அளவி. ஒரே சாமான்தான்.

பெயர் இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது சுழிப்பிழை பார்ப்பது, அதாவது கருவியை மூடினால் சுழி காட்டுகிறதா என்று பார்ப்பது. புத்தகத்தில் நேர்ப்பிழை, எதிர்ப்பிழை என்று படம் போட்டிருக்கும், தேர்வில் எழுதிவிட்டு வந்திருப்பார்கள். கையில் கருவி வந்ததும் நேரே வேலைப்பொருளில் வைத்துவிடுவார்கள். ஒரு பையன் பேரிங் உட்காரும் தண்டு கடைந்தான். 20.01 மி.மீ. வேண்டும், பேரிங் இறுக்கமாக உட்கார. அளந்தான், 20.04 காட்டியது. 0.03 எடுத்தான். 20.01 காட்டியது. பேரிங்கைப் போட்டால் தண்டில் கலகலவென்று ஆடுகிறது. கருவியை வாங்கி மூடிப் பார்த்தேன். வாய் மூடியிருக்கும்போதே 0.03 காட்டுகிறது. அதாவது அவன் முதலில் அளந்தபோதே தண்டு 20.01-இல் சரியாக இருந்திருக்கிறது. சரியாக இருந்த தண்டை அளந்தே கெடுத்துவிட்டோம்.

அவனைத் திட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அளக்கும் முன் வாயைத் துடைத்து, ராட்செட்டைத் திருப்பி மூடி, சுழி என்ன காட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பொருளில் வைக்க வேண்டும். நானும் சொல்கிறேன்.

செல்வி_அப்பா
எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் எழுதியதை மகளிடம் காட்டினேன். அந்தத் தாளை இப்போது முழுதாகப் போட்டு முடித்துவிட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நாட்டுச் சொற்களையும் எதிரெதிரே எழுதி, நடுவில் அலகு எழுதி வைத்திருக்கிறாள்.

வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை இயந்திரம் ஒன்று இருக்கிறது, முள் சுற்றும் பழைய வகை. அதுவும் விசையைத்தான் உணர்கிறதா? அப்படியானால் வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்க முடியுமா? டெல்லிக்குப் போகாமல்!

மூன்றாம்_ஆண்டு
முடியும் சார். லிப்ட் இருக்கும் கட்டடத்துக்கு அதைத் தூக்கிப் போங்கள். முள் வகை என்பது நல்லதாகப் போயிற்று. டிஜிட்டல் என்றால் எண் ஒரு இடத்தில் நின்று பூட்டிக்கொள்ளும், மாற்றம் தெரியாது. மேலே கிளம்பும்போது அதிகமாகக் காட்டும்.

காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். நாம் இயந்திரத்தை நம் எடையால் அழுத்துகிறோம், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இயந்திரம் அதே அளவு நம்மை மேலே தள்ளுகிறது. மேசை மேல் புத்தகம் இருப்பது போல. எடை கீழே, எதிர்விசை மேலே.

கரும்பலகை
தம்பி, லிப்ட் யோசனை அருமை. ஆனால் காரணத்தில் ஒரு இடம் தவறிவிட்டது. இது மிகப் பரவலான தவறு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

புத்தகத்தின் எடையும் மேசையின் தாங்கு விசையும் மூன்றாம் விதியின் ஜோடி அல்ல. மூன்றாம் விதி பேசும் இரண்டு விசைகளும் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படும். நீ சொன்ன இரண்டுமே புத்தகத்தின் மீதுதான் செயல்படுகின்றன. எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் ஜோடி, புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதன் ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. ‘எது எதைத் தள்ளுகிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதி, அதைத் திருப்பிப் போட்டால் ஜோடி கிடைத்துவிடும்.

மூன்றாம்_ஆண்டு
ஐயா, பத்தாம் வகுப்பில் இதையே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். எடையும் தாங்கு விசையும் சமம், எதிரெதிர். சமமாகவும் எதிராகவும் இருந்தால் ஜோடிதானே? எண் ஒன்றாக வரும்போது வித்தியாசம் எங்கே தெரியும்?

கரும்பலகை
நீ சொன்ன லிப்டிலேயே தெரியும்.

46 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை நிற்கிறாள் என்று வை. பூமி இழுக்கும் விசை 46 × 9.8 = 450.8 நியூட்டன். லிப்ட் நிற்கிறது, இயந்திரமும் 450.8 நியூட்டனோடு தள்ளுகிறது. சமம். இப்போது லிப்ட் 1 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்புகிறது. பிள்ளையும் கூடவே முடுகுகிறாள். அதற்கு மேல்நோக்கி 46 × 1 = 46 நியூட்டன் மிச்சம் வேண்டும். பூமியின் இழுப்பு மாறவில்லை. ஆகவே இயந்திரம் 496.8 நியூட்டனோடு தள்ளியாக வேண்டும். முள் கிட்டத்தட்ட 50.7 காட்டும். இதைத்தான் தோற்ற எடை என்கிறோம்.

இப்போது பார். எடை 450.8, தாங்கு விசை 496.8. சமம் இல்லை. மூன்றாம் விதி ஒருபோதும் உடையாது. ஆக, இவை அந்த விதியின் ஜோடியாக இருக்க முடியாது. நிற்கும்போது அவை சமமானதற்குக் காரணம் முடுக்கம் சுழி என்பது. அது இரண்டாம் விதியின் வேலை. பிள்ளை இயந்திரத்தை மிதிப்பதும், இயந்திரம் அவளைத் தள்ளுவதும் இருக்கிறதே, அவை இரண்டும் அப்போதும் 496.8 தான். அதுதான் உண்மையான ஜோடி.

மூன்றாம்_ஆண்டு
விளங்கியது ஐயா. லிப்ட் கணக்கையும் போட்டிருக்கிறேன், மூன்றாம் விதியையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. டியூஷன் வரும் பிள்ளைகளுக்கு நான் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நாளைக்கே திருத்திவிடுகிறேன்.

வடமராட்சி_ரீச்சர்
நல்லது தம்பி.

செல்வி அப்பா, பிள்ளையை லிப்டில் ஏற்றும் முன்னம் ஒரு கேள்வி கேளுங்கள். லிப்ட் போய்க்கொண்டிருக்கும்போது, நடு மாடிகளில், முள் எங்கே நிற்கும்? அவள் நினைப்பதை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு ஏற்றுங்கள். எங்கள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர், மேலே போகும் வரை கூடக் காட்டும் என்றுதான் எழுதுவார்கள். அசைந்தால் விசை இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு லேசில் போகாது.

லேத்பட்டறை
ஏறும் முன் முள் சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

செல்வி_அப்பா
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். தங்கை வீடு அடுக்குமாடியில் எட்டாவது தளம். காலையில் கூட்டமில்லாத நேரமாகப் போய், காவலாளி அண்ணனிடம் சொல்லிவிட்டு லிப்டை எடுத்துக்கொண்டோம்.

முதலில் லேத்பட்டறை சொன்னது. காலி இயந்திரத்தில் முள் 1-இல் நின்றது. இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. மகள் ஏறினாள், 47. இறங்கி, பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்து, திரும்ப ஏறினாள், 46. “நேர்ப்பிழை, கழிக்கணும்” என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ரீச்சர் கேட்கச் சொன்ன கேள்விக்கு அவள் ‘மேலே போகும் வரை 50’ என்று எழுதிக் கொடுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கைபேசியை முள்ளுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தேன். கதவு மூடிக் கிளம்பியதும் முள் துள்ளி 50 பக்கம் போய் ஒரு கணம் நின்றது. உடனே இறங்கி 46. மூன்றாவது மாடி, நான்காவது, ஐந்தாவது, அசையவே இல்லை, 46. மகள் என் முகத்தைப் பார்த்தாள். “அப்பா, லிப்ட் நின்னுடுச்சா?” என்று கேட்டாள். மாடி எண் மாறிக்கொண்டிருக்கிறது, லிப்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எட்டாவது தளத்தில் நிற்கப்போகும்போது 42.

வீட்டுக்கு வந்து படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டாள். 4 கிலோ கூடுதல் என்றால் 39.2 நியூட்டன். 46 ஆல் வகுத்தால் முடுக்கம் சுமார் 0.85 மீ/வி². முள் ஆடுவதால் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றும் பக்கத்தில் எழுதினாள்.

இறங்கும்போதும் எடுத்தோம். கிளம்பும்போது 42, நடுவில் 46, தரைத்தளத்தில் நிற்கும்போது 50. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேலே போய் நிற்கும்போதும் 42, கீழே இறங்கத் தொடங்கும்போதும் 42. ஒன்றில் மேலே போய்க்கொண்டிருக்கிறோம், மற்றதில் கீழே. எப்படி ஒரே எண் வரும் என்று அவளிடம் கேட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அமர்முடுகல் என்று எழுதியிருந்ததன் மேல் விரலை வைத்தாள். “ரெண்டுலயும் முடுக்கம் கீழ்நோக்கித்தானே அப்பா” என்றாள்.